ஏ.சி.க்கு ஒன்றுமில்லை, வண்டி அனுப்ப வேண்டாம்

மாடம்பாக்கம்,
புதன்கிழமை, மத்தியானம்.

அன்பும் மரியாதையும் நிறைந்த வேதசிரோமணி மாமாவுக்கு,

உங்கள் தங்கை மகள் ஜெரூஷா எழுதுவது. ஆண்டவருடைய கிருபையால் இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். அங்கே சிங்கப்பெருமாள் கோவிலில் நீங்களும் அத்தையும் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம். ஏ.சி.யும் சுகம். இந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் மாமா, இந்தக் கடிதமே.

திங்கட்கிழமை உங்கள் கம்பெனி வண்டியை அனுப்பி, ஏ.சி.யைக் கழற்றிக்கொண்டு போய், கடைக்காரர் மேஜைமேல் வைத்து நியாயம் கேட்கப் போவதாக அம்மாவிடம் சொன்னீர்களாம். தயவுசெய்து வண்டி அனுப்ப வேண்டாம். கடைக்காரர் மேல் ஒரு தப்பும் இல்லை. ஏ.சி. இப்போது எப்படிக் குளிர்கிறது என்றால், இதை எழுதும்போதே என் கையெழுத்து கோணுகிறது, பாருங்கள். குளிர் பாதி, சந்தோஷம் பாதி.

போனில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். போனில் எனக்கு 'ம்', 'சரிங்க மாமா', 'இருங்க, அம்மாகிட்ட தர்றேன்' இவற்றைத் தாண்டி ஒன்றும் வராது என்று உங்களுக்கே தெரியும். நீங்களும் ஸ்பீக்கரில் போட்டுவிடுவீர்கள். பின்னால் அத்தையின் குக்கர் விசிலடிக்கும், நான் பயந்து வைத்துவிடுவேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் அதை அப்படியே குடும்ப குரூப்பில் தள்ளி, கீழே 'நம்ம ஜெரு' என்று கைதட்டுகிற படம் வேறு போடுவீர்கள். அதனால்தான் பேப்பர். நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்லாவிட்டால் உங்களுக்குக் கோபம் போகாது, எனக்கும் இந்தப் பரபரப்பு அடங்காது.

நான் பி.எட். முடித்ததற்கு நீங்கள் வாங்கி அனுப்பிய ஏ.சி. வந்து இறங்கிய நாளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தெருவே நின்று பார்த்தது. மாட்டியவர்கள் போனதும் போதகர் ஐயா வந்து சின்னதாக ஒரு ஜெபம் செய்தார், அப்பா ஸ்விட்சைப் போட்டார். அன்றைக்கு ராத்திரி அந்தப் பின்பக்கத்து அறையில் அடித்த குளிரில் அம்மா பீரோவைத் திறந்து, கல்யாணத்துக்கு நீங்கள் கொடுத்த கம்பளியை எடுத்துவிட்டார். ஒரே ஒரு ராத்திரிதான் மாமா. மறுநாள் மத்தியானத்திலிருந்து அதன் போக்கே மாறிவிட்டது. கொஞ்ச நேரம் 'புஸ்' என்று ஒரு காற்று, பிறகு வெறும் காற்று, பிறகு அதுவும் வெதுவெதுப்பு. சத்தம் மட்டும் வருகிறது, குளிர் வரவில்லை. வெளியே கத்திரி வெயில், உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் மூன்று பேர், ஆவியில் வைத்த கொழுக்கட்டை மாதிரி உட்கார்ந்திருப்போம்.

உடனே எல்லோரும் யாரைப் பார்ப்பார்கள்? என்னைத்தான். "பிசிக்ஸ் படிச்ச பொண்ணு வீட்ல இருக்கு, நமக்கென்ன" என்று அப்பா நிம்மதியாக விசிறியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அம்மாவா விடுவாங்க? "ராத்திரி பகலா லைட்டப் போட்டுக்கிட்டுப் படிச்சியேடி, ஒரு பொட்டி ஏன் குளிரலன்னு அதுல போடலயா?" என்றார். போட்டிருக்கிறது மாமா. படம் வரைந்து பாகம் குறிக்கச் சொன்னால் இப்போதும் குறிப்பேன். ஆனால் பரீட்சையில் வந்த ஏ.சி. எல்லாமே நன்றாகக் குளிர்ந்துகொண்டிருந்த ஏ.சி.தான்.

இருந்தாலும் விடவில்லை. கூட வந்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். முதலில் ரிமோட். அதைத் தேடி எடுப்பதே ஒரு வேலை. கம்பெனிக்காரன் போட்ட பிளாஸ்டிக் உறைக்குள் ரிமோட், அந்த உறைக்கு மேல் அம்மா தைத்த பூப்போட்ட துணிப்பை, அதற்கு வாய் கட்டுகிற நாடா. அம்மாவைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா? எங்கள் வீட்டில் மிக்சிக்குச் சட்டை உண்டு, கிரைண்டருக்குப் பாவாடை உண்டு, ஃப்ரிட்ஜின் கைப்பிடிக்குக் கையுறை உண்டு, கேஸ் சிலிண்டருக்கு ஃப்ரில் வைத்த கவுன் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகும்போது எங்களைவிட அதுகள்தான் நன்றாக உடுத்தியிருக்கும். நாடாவை அவிழ்த்துப் பார்த்தால் ரிமோட்டில் பனிப்பூ படம் சரியாகத்தான் இருந்தது, எண்ணும் பதினெட்டில்தான் இருந்தது. அடுத்து ஃபில்டர். கழற்றிக் கழுவினேன். நான் கழுவியது போதாது என்று அம்மா மறுபடி தன் சீயக்காய் ஷாம்பூவைப் போட்டுக் கழுவினார். இரண்டு நாளைக்கு அறை முழுக்க அதே வாசனை. குளிர் வரவில்லை. கதவிடுக்கில் அப்பாவின் பழைய வேட்டியைச் சுருட்டித் திணித்தேன். ஜன்னலை இழுத்துச் சாத்தி, மேலே கெட்டித் திரை போட்டு, திரையின் ஓரத்தைக்கூட டேப்பால் ஒட்டினேன். ஈ எறும்பு போக வழியில்லை. குளிர் வரவும் வழியில்லை.

அதற்குள் மாடியில் குடியிருக்கிற பட்டாபிராமன் சாருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவர் அக்கவுண்ட்ஸ் ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர், எதையும் கணக்காகத்தான் சொல்வார். அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏம்மா ஜெரூஷா, ஒரு மனுஷ உடம்பு ஒரு நூறு வாட்ஸ் பல்புக்குச் சமம். எத்தன பேர் உள்ள உக்கார்றீங்க?" என்றார். "மூணு பேர் சார்." "அதான். மூணு பல்ப எரியவிட்டுட்டு ஏ.சி.யக் குத்தம் சொன்னா எப்படி?" என்று சொல்லிவிட்டு, "எதுக்கும் நாங்களும் உக்காந்து பாக்குறோம்" என்று மனைவி திரிபுரசுந்தரி அம்மாவையும் கூப்பிட்டு, இரண்டு புது பல்புகளாக எங்கள் கட்டிலில் உட்கார்ந்து, சுடச்சுடக் காபி வாங்கிக் குடித்தார்கள். போகும்போது, "ஆமா, புழுக்கமாத்தான் இருக்கு" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அப்புறம்தான் நீங்கள் போனில் "கேஸ் போயிருக்கும், சந்தேகமே இல்ல, மெக்கானிக்கக் கூப்பிடு" என்றீர்கள். கூப்பிட்டோம். மாட்டிக் கொடுத்த தசரதன் அண்ணாவே வந்தார். வெளியாள் வருகிறார் என்றால் எங்கள் வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அம்மா காலையிலேயே எழுந்து எல்லா உறையையும் உருவிவிடுவார். டி.வி., மிக்சி, சோபா, எல்லாம் அம்மணமாக, பளபளவென்று நிற்கும். விருந்தாளி பார்ப்பதற்காகத்தானே அத்தனை நாள் மூடி வைத்தது. தசரதன் அண்ணா உள்ளே வந்து, ஸ்விட்சைப் போட்டு, கையை நீட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அறை ஜில்லென்று ஆகிவிட்டது. எனக்கு மானமே போனது மாமா.

"இன்னா மேடம், ஃப்ரிட்ஜ் கணக்கா கீது. இதுக்கா கூப்ட்டீங்கோ?" என்றார்.

"இல்லண்ணா, நேத்து வரைக்கும்..." என்று நான் ஆரம்பித்தேன். என் குரல் ஏ.சி. சத்தத்தைத் தாண்டவில்லை.

"கேஸு ஃபுல்லா கீது. மிசினு புத்தம்புதுசு. நீங்கோ கதவத் தொறந்து தொறந்து மூடிகினு இருப்பீங்கோ," என்று சொல்லிவிட்டு, அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அவர் வண்டி தெரு முனை திரும்பியிருக்கும், அன்று சாயங்காலமே மறுபடி வெதுவெதுப்பு. அடுத்த வாரம் திரும்பவும் கூப்பிட்டோம். திரும்பவும் அம்மா வீட்டை அலங்கரித்தார், திரும்பவும் அவர் கண்முன்னே ஏ.சி. ஊட்டி மாதிரி குளிர்ந்தது, திரும்பவும் அவர் போனதும் படுத்துக்கொண்டது. டாக்டர் ரூமுக்குள் போனதும் ஜுரம் இறங்கிவிடுகிற குழந்தை மாதிரி. "மேடம், தப்பா நெனைக்காதீங்கோ," என்று இரண்டாவது தடவை தசரதன் அண்ணா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார், "மிசினு நல்லா கீது. வூட்ல யாருக்கனா பி.பி. கீதா பாருங்கோ, அதுக்குக்கூட உடம்பு எரியும்." அதற்கப்புறம் அம்மா எங்களையும் கூட்டிக்கொண்டு போய், மூன்று பேருக்கும் பி.பி. பார்த்துவிட்டு வந்தார். எல்லோருக்கும் நார்மல்.

இத்தனைக்கும் நான் ஏன் இப்படித் துடித்தேன் என்றால், வெயிலுக்காக இல்லை மாமா. சேலையூரில் நான் விண்ணப்பித்திருந்த பள்ளியின் மாதிரி வகுப்புக்காக. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். இந்த ஒன்றுதான் பாக்கி. இதில் விட்டால் இந்த வருஷம் அவ்வளவுதான், மற்றப் பள்ளிகளில் எல்லாம் ஆள் எடுத்து முடித்தாயிற்று. அப்பாவும் காலேஜ் லேபிலிருந்து ஏப்ரலில் ரிட்டயர் ஆகிவிட்டார். மாதிரி வகுப்பு ஆன்லைனில்தான், தாளாளர் ஊரில் இல்லை என்று. பி.எட். பயிற்சியில் நான் எடுத்த வகுப்பின் லட்சணம் உங்களுக்குச் சொன்னதில்லை. பாடம் பாதி முடிந்தபோது பின்பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "மிஸ், எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டான். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டான். அப்படிப்பட்ட என் குரல் லேப்டாப்பில் போய்ச் சேர வேண்டுமானால், தலைக்கு மேல் டக்டக்கென்று அடிக்கிற ஃபேனை நிறுத்தியாக வேண்டும், பக்கத்துத் தளத்து விமானப்படைக்காரர்கள் பறக்கவிடுகிற பயிற்சி விமானச் சத்தத்துக்கு ஜன்னலையும் சாத்தியாக வேண்டும். சாத்திய அறையில், ஃபேன் இல்லாமல், மே மாதம், பட்டுச் சேலை கட்டிக்கொண்டு. ஏ.சி. இல்லாவிட்டால் நான் பேசுவதற்கு முன்னாலேயே கரைந்துபோவேன்.

அந்த வகுப்பு இன்று காலை நடந்தது மாமா!

காலையிலிருந்து ஏ.சி. ஓடியது. காலையிலிருந்து வெதுவெதுப்பு. அம்மா ஐஸ் தண்ணீரில் துண்டை நனைத்து என் பிடரியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். அப்பா வாசலில் நாற்காலி போட்டு, காய்கறிக்காரர், கூரியர்காரர், பட்டாபிராமன் சார் யாரும் மணியடிக்காமல் பார்த்துக்கொண்டார். முகத்தில் வெளிச்சம் விழுந்தால்தான் நன்றாகத் தெரியும் என்று தோழி ஒருத்தி சொல்லியிருந்தாள். அதனால் மேஜையை ஜன்னலுக்கு எதிரே இழுத்துப் போட்டேன், அத்தனை நாள் டேப் போட்டு ஒட்டியிருந்த திரையை முதல் தடவையாக விலக்கினேன், கண்ணாடியை மட்டும் சாத்தியே வைத்தேன். அவசரத்தில் வெளியே என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்துச் சந்து அம்மாவின் ராஜ்யம். துணி காய்வது, வடகம் காய்வது, பழைய பக்கெட், எல்லாம் அங்கேதான். நான் அங்கே போவதே இல்லை.

திரையில் தலைமையாசிரியை மாளவிகா மேடம் வந்தார், பக்கத்துச் சதுரத்தில் தாளாளர் வந்தார், இன்னும் இரண்டு ஆசிரியர்கள். தலைப்பு 'வெப்பம் எப்படிப் பரவுகிறது', ஏழாம் வகுப்பு. நான் ஆரம்பித்தேன்.

"ஜெரூஷா, உங்க மைக்க ஆன் பண்ணுங்கம்மா," என்றார் மேடம்.

"ஆன்லதான் மேடம் இருக்கு."

"என்னது?"

"ஆன்ல... இருக்கு... மேடம்."

"மைக் ஆஃப்ல இருக்குன்னு சொல்றாங்க போல," என்றார் தாளாளர்.

நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வேர்வை நேராக விசைப்பலகையில் விழுந்தது. போச்சு, இந்த வேலையும் போச்சு, என்று நிமிர்ந்தேன். நிமிர்ந்தால் ஜன்னலுக்கு வெளியே அப்பா நிற்கிறார். சிரித்துக்கொண்டு நிற்கிறார். கழுத்தில் பெரிய மாலை. சரி, தைரியம் சொல்ல வந்திருக்கிறார் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். அதே நொடியில் வாசல் பக்கம் அப்பா இருமுகிற சத்தம். ஒரே அப்பா இரண்டு இடத்திலா? நன்றாகப் பார்த்தேன். ஜன்னலில் இருந்த அப்பாவின் கன்னம் மெதுவாக உப்பியது. பலூன் மாதிரி உப்பி, பிறகு சப்பென்று ஒட்டியது. மறுபடி உப்பியது. சிரிப்பு மாறவில்லை.

ஃப்ளெக்ஸ் மாமா! அப்பாவின் பணிநிறைவுப் பாராட்டு விழாவுக்கு லேப் நண்பர்கள் அடித்த ஃப்ளெக்ஸ், 'ஓய்வறியா உழைப்பாளி தேவானந்தம் அவர்கள்' என்று போட்டிருந்ததே, அதுவேதான். குளியலறைச் சுவர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற இடத்தில், என் ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி, ஏ.சி.யின் வெளிப்பெட்டியை மாட்டியிருக்கிறார்கள். அந்தப் பெட்டிக்கு அம்மா அப்பாவை உடுத்திவிட்டிருந்தார். நைலான் கயிறு போட்டு, நாலு பக்கமும் இறுக்கிக் கட்டி, காற்றாடி இருக்கிற இடத்தில் சரியாக அப்பாவின் முகம் வருகிற மாதிரி. அறையிலிருந்து உறிஞ்சிய சூட்டையெல்லாம் அந்தப் பெட்டி வெளியே ஊதித் தள்ளப் பார்க்கிறது, அது நேரே போய் அப்பாவின் கன்னத்தில் மோதி, போக இடமில்லாமல் திரும்பிப் பெட்டிக்குள்ளேயே வருகிறது. வெளியாள் வந்தால் எல்லா உறையையும் எடுப்பது மாதிரி தசரதன் அண்ணா வந்தபோதெல்லாம் இதையும் எடுத்திருக்கிறார். அவர் போனதும் பத்திரமாகத் திரும்பக் கட்டியிருக்கிறார். பார்த்ததும் எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன், எதிரில் யார் இருக்கிறார்கள், எதுவும் எனக்கு ஞாபகமில்லை.

"அம்மா!" என்று கத்தினேன். அப்படி ஒரு சத்தம் என்னிடம் இருந்தது எனக்கே தெரியாது. "அம்மா! ஓடிவா! அப்பாவ எடு! சூடு பூரா அப்பா மூஞ்சில அடிச்சுத் திரும்பி வருது!"

"என்னடி? அவரு வாசல்லல்ல உக்காந்திருக்காரு?" என்றார் அம்மா அடுப்படியிலிருந்து.

"அந்த அப்பா இல்லம்மா! சந்துல கட்டி வெச்சிருக்கியே, அந்த அப்பா!"

லேப்டாப்பில் நாலு சதுரமும் அசையாமல் நின்றன. நெட் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை, அவர்கள்தான் அப்படி உட்கார்ந்திருந்தார்கள். தாளாளர் மட்டும் மெதுவாக, "யாரக் கட்டி வெச்சிருக்காங்க?" என்று கேட்டார்.

ஏன், எப்படி என்று தெரியவில்லை மாமா, நான் லேப்டாப்பை அப்படியே தூக்கி ஜன்னல் பக்கம் திருப்பினேன். "சார், மேடம், பிள்ளைங்களா, எல்லாரும் இதப் பாருங்க," என்றேன். மைக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. "இந்த ரூம் ஏன் குளிரலன்னு மூணு வாரமா தேடிட்டிருந்தோம். ஏ.சி. குளிர்ச்சியத் தயார் பண்றதில்ல. உள்ள இருக்கிற சூட்ட எடுத்து வெளிய கொண்டுபோய்க் கொட்டுது, அவ்வளவுதான். இப்ப அந்தச் சூடு எங்க போகுதுன்னு நாம பாக்கப்போறோம்."

அதற்குள் அம்மா சந்துக்கு வந்துவிட்டார். நைட்டி, தோளில் துண்டு, கையில் கரண்டி. எதிரில் பள்ளிக்கூடமே பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. "வெயில்ல புதுப் பெட்டி காயுதேன்னு மனசு கேக்காம கட்டினேன். அது ஒரு குத்தமா?" என்று புலம்பிக்கொண்டே முடிச்சை அவிழ்த்தார். அம்மா போடும் முடிச்சு உங்களுக்குத் தெரியும், பல்லால் கடித்துத்தான் பிரிக்க வேண்டும். கடைசி முடிச்சு பிரிந்ததும் ஃப்ளெக்ஸ் விசுக்கென்று கழன்று விழ, அத்தனை சூட்டுக் காற்றும் அம்மாவின் முகத்தில் அடித்தது. கொண்டை அவிழ்ந்து முடி பின்னால் பறந்தது.

"அம்மா, காத்து எப்படி இருக்கு? சத்தமா சொல்லு!"

"இட்லிக் குண்டானத் தொறந்த மாதிரி இருக்குடி!"

"கேட்டீங்களா?" என்று லேப்டாப்பைப் பார்த்துக் கேட்டேன். "இவ்வளவு நேரம் நம்ம ரூம்ல இருந்த சூடு இதுதான். அழியல. இடம் மாறியிருக்கு. இப்ப வழி கிடைச்சிருச்சு, போகுது." என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் பிடரியில் ஜில்லென்று ஒரு காற்று பட்டது. நான் "வந்திருச்சு!" என்று குதித்ததையும் அவர்கள் பார்த்தார்கள்.

அதற்கப்புறம் வகுப்பு எப்படிப் போனது என்றே தெரியவில்லை. கேள்வி கேட்டார்கள், நான் பதில் சொன்னேன், நானும் அவர்களிடம் கேள்வி கேட்டேன். ஃப்ரிட்ஜைச் சுவரோடு ஒட்டி வைத்தால் என்ன ஆகும் என்று ஒரு ஆசிரியர் கேட்டார். இதே கதைதான் சார், அதற்கும் முதுகுப்பக்கம் மூச்சு விட இடம் வேண்டும் என்றேன். நடுவில் மாளவிகா மேடம், "ஒரு நிமிஷம்மா," என்று பின்னால் திரும்பி, "ஏங்க, நம்ம ஏ.சி. அவுட்டோர் பெட்டி மேல மழைக்குப் போட்ட தார்பாய எடுத்தாச்சா இல்லியா?" என்று யாரிடமோ கேட்டார். எடுக்கவில்லை போலிருக்கிறது. அந்தப் பக்கம் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. கடைசியில் மேடம் என்னிடம், "சத்தம் கொஞ்சம் கம்மி பண்ணிக்கலாம் ஜெரூஷா, ஸ்பீக்கர் இரையுது," என்றார். என் வாழ்க்கையில் என்னிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை மாமா. இதை நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன்.

வகுப்பு முடிந்து வெளியே வந்தால் வீட்டில் வேறு பஞ்சாயத்து. அப்பா கீழே கிடந்த ஃப்ளெக்ஸைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். மாலை மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது. "ரிட்டயர் ஆன மனுஷனக் கொண்டுபோய் வெயில்ல நிக்க வெச்சிருக்கியே புஷ்பம், நான் உனக்கு என்ன பண்ணேன்?" என்றார். "படம் உள்பக்கமா இருந்தா உங்களுக்குச் சூடா இருக்குமேன்னுதான் வெளிப்பக்கமாக் கட்டினேன்," என்றார் அம்மா. அப்பா ஃப்ளெக்ஸைச் சுருட்ட ஆரம்பித்தார். இவ்வளவு நாளும் அவர் தினமும் அந்தச் சந்து வழியாகத்தான் குப்பை கொட்டப் போயிருக்கிறார். "உங்க மூஞ்ச நீங்களே பாக்கலயாப்பா?" என்று கேட்டேன். "நம்ம வீட்ல உறை போட்டிருக்கிறத யாரும்மா பாக்குறா? போடாம இருந்தாத்தான் கண்ணுல படும்," என்றார். நியாயம்தானே மாமா.

இப்போது அறை எப்படி இருக்கிறது தெரியுமா? பட்டாபிராமன் சாரும் அவர் மனைவியும் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, பல்பு எரிந்தும் குளிர்கிறதே என்று ஆச்சரியப்பட்டுப் போனார்கள். அப்பா முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு தூங்குகிறார். நான் முடிவே பண்ணிவிட்டேன். வேலை கிடைத்தால் தினமும் சேலையூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் நேராக வந்து இந்த அறையில்தான் விடைத்தாள் திருத்துவேன், இந்த அறையில்தான் இனி என் குடித்தனம். "மத்தியானம் சாப்பாட்டுக்கே வந்துட்டுப் போகலாம், பக்கந்தானே," என்று அம்மா இப்போதே கணக்குப் போடுகிறார். நான் வீட்டை விட்டு எங்கேயும் போகத் தேவையில்லை என்பதுதான் அம்மாவுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய சந்தோஷம். எனக்கும்தான். வேலை கிடைக்குமா என்று தெரியாது. ஆனால் நான் பேசிவிட்டேன் மாமா. நாலு பேருக்கு முன்னால், ஸ்பீக்கர் இரைகிற அளவுக்கு.

ஆகையால் வண்டி வேண்டாம், மெக்கானிக் வேண்டாம், கடைக்காரரோடு சண்டையும் வேண்டாம். அத்தையிடம் என் அன்பைச் சொல்லுங்கள், முழங்கால் வலிக்கு நான் ஜெபித்துக்கொண்டிருப்பதாகச் சொல்லுங்கள். உங்கள் ஜெபத்தில் என் வேலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அம்மா உங்களுக்கு மாங்காய் ஊறுகாய் தனியாக எடுத்து வைத்திருக்கிறார். அடுத்த தடவை வரும்போது ஏ.சி. அறையிலேயே உங்களுக்குப் படுக்கை. போர்வை நாங்கள் தருகிறோம்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் நல்ல சுகத்தோடும் சமாதானத்தோடும் காக்க வேண்டும் என்று கேட்கும்,
உங்கள் பிரியமுள்ள மருமகள்,
ஜெரூஷா.

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் போன் வந்துவிட்டது மாமா. மாளவிகா மேடமே பேசினார். வேலை எனக்குத்தான்! நான் போட்ட சத்தத்தில் அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, விஷயம் கேட்டு, கேசரி கிண்ட ரவை வறுக்கப் போய்விட்டார். அவர் போனபிறகு மேடம் சொன்ன மிச்சத்தைத்தான் இப்போது எழுதுகிறேன். சேலையூரில் இருந்த ஒரே இடம் நிரம்பிவிட்டதாம். தாளாளருக்கு என் வகுப்பு பிடித்துப்போய், அவர்களே நடத்துகிற இன்னொரு பள்ளிக்கு என்னைக் கேட்கிறாராம். ஏற்காட்டில். மலைமேல். விடுதியிலேயே தங்க வேண்டும். அங்கே ஏ.சி. என்ன, அறையில் ஃபேன் மாட்டக் கொக்கிகூட இருக்காதாம். "யோசிச்சு வீட்ல கேட்டுச் சொல்லும்மா," என்றார் மேடம். "வர்றேன் மேடம்," என்று அந்த நிமிஷமே சொல்லிவிட்டேன்.

அதனால் மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். திங்கட்கிழமை வண்டியை அவசியம் அனுப்புங்கள். ஏ.சி.க்கு இல்லை, எனக்கும் என் பெட்டிக்கும். அத்தையின் ஸ்வெட்டர் ஒன்றைக் கொடுத்தனுப்பினால் உதவியாக இருக்கும். அம்மா, அப்பாவிடம் நீங்களே வந்து பக்குவமாகச் சொல்லுங்கள் என்றுதான் எழுத நினைத்தேன். வேண்டாம் மாமா. அடுப்படியில் ரவை வறுபடுகிற சத்தம் பலமாகத்தான் கேட்கிறது, ஆனாலும் பரவாயில்லை. பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய், நானே சொல்லிவிடுகிறேன்.